குற்றச் செய்திகளில் ஆளப்படும் சொற்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைது செய்யப்பட்டவர் பணமோ பதவியோ உடையவரானால் 'கைதானார்', 'மறுத்தார்' என்று மரியாதை விகுதியோடு எழுதும் நம் நாளிதழ்கள், அதே குற்றச்சாட்டில் சிக்கியவர் கூலித் தொழிலாளியானால் 'பிடிபட்டான்', 'திருதிருவென விழித்தான்' என்று எழுதிவிடுகின்றன. வழக்கு நீதிமன்றத்தை எட்டுவதற்கு முன்பே வாசகர் மனத்தில் தீர்ப்பை எழுதிவிட, ஒரு வினைமுற்றின் கடைசி எழுத்தே போதுமானதாக இருக்கிறது.

குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை எவரும் நிரபராதியாகவே கருதப்பட வேண்டும் என்கிறது 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 11ஆவது பிரிவு. அப்படியிருக்க, காவல்துறையின் குறிப்பில் உள்ளதை 'காவல்துறையினர் கூறுகின்றனர்' என்றுகூடச் சேர்க்காமல், நிருபர் நேரில் கண்டதுபோல் அச்சிடுவது எவ்வகையில் சரி?

என்னைப் பெரிதும் வருத்துபவை பெண்கள் தாக்கப்படும் செய்திகளே. 'கற்பழிப்பு' என்ற சொல், பாதிக்கப்பட்டவரே எதையோ இழந்துவிட்டதாகக் களங்கத்தை அவர்மீது ஏற்றுகிறது. 'பாலியல் வன்கொடுமை' என்பதோ செய்தவரின் செயலைச் சுட்டுகிறது. மனைவியைக் கணவர் கொன்றதை 'நடத்தையில் சந்தேகம்' என்றும், காதலை ஏற்க மறுத்த பெண் வெட்டப்பட்டதை 'ஒருதலைக் காதலால் விபரீதம்' என்றும் தலைப்பிடும்போது, கொன்றவர் சொல்லும் காரணமே செய்தியின் முதல் வரியாகிவிடுகிறது. அதற்கு மறுப்பு எழுத இறந்தவரால் இயலாது. 'கள்ளக்காதல்' என்ற சொல்லை இன்றும் கொட்டை எழுத்தில், தங்கள் இதழிலும்தான், காண நேர்வது வேதனை அளிக்கிறது.

செய்திப் பிரிவினருக்கென ஒரு சொல் வழிகாட்டியை வகுத்து, அதை வாசகர்களும் அறியுமாறு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்