மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவி, வகுப்பு தொடங்கும் முன்பே கிடைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மலேசியப் பல்கலைக்கழகங்களில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவிகள், அவர்கள் தேடி வந்து கேட்டால் மட்டுமே கிடைக்கும் நிலை மாற வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28ஆவது பிரிவு, கட்டட வசதி, கருவிகள், கற்பித்தல் பொருள்கள், போதனை முறை ஆகியவற்றை இவர்களின் தேவைக்கேற்ப அமைத்துத் தர வேண்டிய பொறுப்பை அரசாங்கக் கல்விக்கூடங்கள் மீது மட்டுமன்றித் தனியார் கல்விக்கூடங்கள் மீதும் சுமத்துகிறது. உயர்கல்வி அமைச்சு இம்மாணவர்களுக்கு மாதம் 300 வெள்ளி (ரிங்கிட்) உதவித்தொகையும் வழங்கி வருகிறது.

ஆனால் நடைமுறை வேறாக இருக்கிறது. எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு தாயின் மகள், பார்வைக் குறைபாட்டுடன் எஸ்.டி.பி.எம். எனும் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு வரை படித்துப் பல்கலைக்கழகம் சென்றாள். விண்ணப்பத்திலேயே தன் நிலையைக் குறிப்பிட்டிருந்தும், பதிவு நாளன்று அவளுக்காக எந்த ஏற்பாடும் செய்யப்பட்டிருக்கவில்லை. விரிவுரைக் குறிப்புகளைப் புத்தகப் பக்கங்களாகவே ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். அவள் கணினியிலுள்ள திரைவாசிப்பு மென்பொருளுக்கு அவை எழுத்துகளல்ல, வெறும் படங்கள். ஆகவே அதனால் ஒரு வரியைக்கூடப் படித்துக் காட்ட முடியவில்லை. அதே குறிப்பைத் தட்டச்சு செய்த கோப்பாக அனுப்பியிருந்தால் அன்றிரவே கேட்டுப் படித்திருப்பாள். தேர்வில் கூடுதல் நேரம் பெறுவதற்கும் ஒவ்வொரு தவணையும் ஒரே கடிதத்தை ஏந்திக்கொண்டு ஒவ்வொரு விரிவுரையாளரின் அறை வாசலிலும் நின்று, தன் கண்ணின் நிலையைப் புதிதாக விளக்க வேண்டியிருந்தது. படிக்க வந்த பிள்ளையை இப்படி மனு கொடுப்பவளாக அலைய விடுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

தோட்டப்புறக் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு தடையும் உண்டு. மேற்சொன்ன உதவித்தொகைக்குச் சமூக நல இலாகா வழங்கும் மாற்றுத்திறனாளி அட்டை அவசியம். அதற்கு மருத்துவரின் சான்று வேண்டும். மருத்துவமனைக்கும் இலாகாவுக்கும் அலைய ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும். அதைவிட, பிள்ளைக்கு அட்டை எடுத்தால் நாளை வேலையும் திருமணமும் தடைபடும் என்று அஞ்சும் பெற்றோரை நான் நன்கறிவேன். இடைநிலைப்பள்ளி ஆலோசக ஆசிரியர்கள் ஐந்தாம் படிவத்திலேயே பெற்றோரை அழைத்துப் பேசி, இந்த அச்சத்தைப் போக்க வேண்டும்.

பல்கலைக்கழகங்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். இடம் கிடைத்த மாணவர் மாற்றுத்திறனாளி என்று தெரிந்தவுடன், மாணவர் விவகாரப் பிரிவே அவரைத் தொலைபேசியில் அழைத்து, விடுதி அறை, பாடக் குறிப்புகளின் வடிவம், சைகை மொழிபெயர்ப்பாளர், தேர்வு நேரம் ஆகியவற்றை வகுப்பு தொடங்கும் முன்பே பேசி முடிக்க வேண்டும். முடிவானதை எல்லா விரிவுரையாளர்களுக்கும் ஒவ்வொரு தவணையும் அப்பிரிவே அனுப்ப வேண்டும். மாணவர் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் கூடாது. இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. பொறுப்பேற்க ஓர் அதிகாரி தேவை.

28ஆவது பிரிவைக் கடைப்பிடிக்காத கல்விக்கூடத்திற்கு இச்சட்டத்தில் தண்டனை ஏதும் இல்லை. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள், கட்சி வேறுபாடின்றி, சட்டத்தைத் திருத்தும்படி மக்களவையில் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.