மிஷன் ஏரிக்கரை நடைபாதை: பணி நிறைவு அறிக்கை

லெப்ரெட் (சஸ்காட்செவன், கனடா) ஊர் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாம் எடுத்துக்கொண்ட ஏரிக்கரைப் பணி நல்லபடியாக முடிந்தது. சரளைப் பாதை, பெஞ்சுகள், ஒரு தகவல் பலகை, இவ்வளவுதான் வேலை. வரவு செலவுக் கணக்கைத் தனித்தாளில் இணைத்திருக்கிறோம்.

சின்ன வேலைக்கு ஏன் இத்தனை காலம் என்று பலர் கேட்டீர்கள். மண்ணைத் தொடுவதற்கு முன் அக்கம்பக்கத்து மக்களைக் கேட்க வேண்டும் என்று குழு முடிவு செய்ததுதான் காரணம். 1884-இல் இங்கே திறந்த உறைவிடப் பள்ளி 1998 வரை நடந்தது. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அதில் வைத்திருந்தார்கள். 2023 ஜனவரியில், அந்தப் பள்ளி வளாகத்தில் ஒரு குழந்தையின் தாடை எலும்புத் துண்டு கிடைத்ததை பூர்வகுடியினரான ஸ்டார் பிளாங்கெட் கிரீ மக்கள் அறிவித்தார்கள். அது ஏறத்தாழ 125 ஆண்டுப் பழையது. ரேடார் ஆய்வில் மண்ணுக்கடியில் 2,000-க்கும் மேற்பட்ட இடங்களில் மாறுபாடு தெரிந்தது. அவை எல்லாமே புதைகுழிகள் என்று சொல்லிவிட முடியாது. அதற்காக, அனுமதிச் சீட்டு கையில் இருக்கிறது என்று இந்த ஊரில் யாரும் மண்வெட்டியைத் தூக்கிவிடலாமா?

மூத்தோர்களுடன் உட்கார்ந்து பேசிய பிறகு, எங்கும் குழி தோண்டுவதில்லை என்று முடிவானது. பெஞ்சுகளும் பலகையும் தரைமேல் வைத்த கான்கிரீட் கட்டைகளில் நிற்கின்றன. குளிர்காலத்தில் நம் மண் ஆழம்வரை உறைந்து மேலே தள்ளும். அதனால் ஆண்டுதோறும் வசந்தத்தில் கட்டைகளைச் சமன் செய்ய வேண்டியிருக்கும். அந்தச் செலவு நியாயமானது என்பதே எங்கள் கருத்து.

அப்புறம் பலகை. கிரீ, டகோட்டா, மிச்சிஃப், பிரெஞ்சு, ஆங்கிலம் என ஐந்து மொழிகளில் எழுதியிருக்கிறோம். முதலில் வந்த வரைவு ஊரின் கதையைக் கத்தோலிக்கப் பாதிரியார்களின் மிஷனிலிருந்து தொடங்கியது. அதை மாற்றச் சொன்னோம். பாதிரியார்கள் வருவதற்கு முன்பே இந்தப் பள்ளத்தாக்கில் மக்கள் வாழ்ந்தார்கள், பாதை போட்டிருந்தார்கள். 1874-இல் பக்கத்து ஃபோர்ட் குவாப்பெல்லில் அரசுக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையிலான நான்காம் உடன்படிக்கை கையெழுத்தானதும், ஸ்டாண்டிங் பஃபலோ டகோட்டா மக்கள் அதில் கையெழுத்திடாததும் இப்போது பலகையில் உண்டு. பூர்வகுடி, ஐரோப்பியர் கலப்பில் வழிவந்த, மிச்சிஃப் பேசும் மெத்தி குடும்பங்களுக்கும் உரிய இடம் கொடுத்திருக்கிறோம். 1925-இல் எழுந்த கல் தேவாலயத்துக்கு ஒரு பத்தி போதும் என்று விட்டோம்.

பராமரிப்புக்கு ஆள் தேவை. பனி உருகியதும் கட்டைகளைச் சரிபார்க்க வரக்கூடியவர்கள் குழுவிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
பணிக்குழு