கல் சுவருக்கு ஏற்ற கச்சேரி எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை பிறந்தால் ஐரோப்பாவில் மாதா கோயிலும் கோட்டையும் ஊர்ச் சதுக்கமும் மேடையாகிவிடுகின்றன. சால்ஸ்பர்க் விழா 1920இல் பேராலயச் சதுக்கத்தில்தான் தொடங்கியது. இத்தாலியில் வெரோனாவின் ரோமானிய அரங்கில் 1913இல் ஆப்ரா (இசை நாடக) விழா ஆரம்பமானது. பின்லாந்தின் சவோன்லின்னாவில் 15ஆம் நூற்றாண்டுக் கோட்டைக்குள்ளேயே ஆப்ரா நடக்கிறது. அப்படியானால் இங்கே சிங்கப்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்திலும் ஃபோர்ட் கேனிங்கிலும் கர்நாடகக் கச்சேரி வைத்தால் என்ன? தாராளமாக வைக்கலாம். ஆனால் வித்வானிடம் தேதி வாங்கிவிட்டுப் பிறகு இடம் தேடும் நம் சபா வழக்கம் இதற்கு உதவாது. கட்டடம் எதைப் பாடவிடும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1862இல் அபிஷேகம் செய்யப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸின் உட்சுவரில் பூசியிருப்பது நம்மூர்ச் சரக்கு: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் கலந்த ‘மெட்ராஸ் சுண்ணம்’. வழவழவென்று இறுகிய அப்படிப்பட்ட பூச்சும் உயர்ந்த கூரையும் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்பும். மெதுவாக நகரும் கூட்டுப்பாடலுக்கு அது வரம். வெனிஸின் சான் மார்க்கோ பேராலயத்தில் இசையமைப்பாளர் கேப்ரியேலி எதிரெதிர் மாடங்களில் பாடகர் குழுக்களை நிறுத்தி இசை அமைத்தது அந்தக் கட்டடத்தை நம்பித்தான். வேகமாக, அந்த நேரத்துக் கற்பனையில் பாடும் நம் மேல்காலக் கல்பனை ஸ்வரத்துக்கோ அதுவே எமன். தாளத்தின் ஒரு தட்டு ஒரு வினாடி, அதில் 8 ஸ்வரம் என்று வையுங்கள். எதிரொலி அடங்க 3 வினாடி எடுக்கும் கூடத்தில், முன்னே போன 24 ஸ்வரங்களின் மிச்சமும் காதில் கலங்கி நிற்கும். தாள வாத்தியங்கள் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வெறும் இரைச்சலாகிவிடும். அங்கே ஆலாபனை, விருத்தம், மெதுவான விளம்ப காலக் கீர்த்தனை, புல்லாங்குழல் எடுபடும். தேவாலயம் என்பதால் கிறிஸ்துவப் புலவர்களான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், மாயூரம் வேதநாயகம் பிள்ளை பாடல்களே கைவசம் இருக்கின்றன. பாட்டு வேண்டுமே என்று அலைய வேண்டியதில்லை.

காலிக் கூடத்தில் கைதட்டிப் பார்த்துவிட்டு ‘எதிரொலி தாங்கவில்லை’ என்று கைவிட்டுவிடவும் கூடாது. கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் அடங்கும் நேரம் கிடைக்கும். 4,000 கன மீட்டர் கூடத்தில் உறிஞ்சும் பரப்பு 160 சதுர மீட்டர் என்றால் விடை 4 வினாடி. ஆளுக்கு அரை சதுர மீட்டர் வீதம் 300 பேர் வந்து உட்கார்ந்தால் பரப்பு 310 ஆகி, அதே கூடம் 2 வினாடிக்கு இறங்கிவிடும். முன்வரிசையில் மட்டும் ஐம்பது பேர் உட்காரும் கச்சேரிக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஒலியமைப்பில் நடக்கும் பெரிய தவறு, வார்த்தை புரியவில்லை என்றதும் சத்தத்தைக் கூட்டுவது. எதிரொலியும் சேர்ந்தே கூடும். மேடையோரம் இரண்டு ராட்சத ஒலிபெருக்கிகளுக்குப் பதில், தூண்களை ஒட்டிச் சிறியவற்றைக் கேட்பவர் பக்கம் திருப்பி, குறைந்த சத்தத்தில் வைக்க வேண்டும். மேடையிலிருந்து நேரே வரும் ஒலியோடு சேர, அவற்றுக்குப் போகும் ஒலிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லி வினாடி தாமதம் தேவை. மேடையிலிருந்து 20 மீட்டரில் இருப்பதற்கு 58 மில்லி வினாடி, அதற்கு மேல் 10 முதல் 15 வரை சேர்த்தால்தான் பாட்டு மேடையிலிருந்து வருவதாகக் காது நம்பும். தாமதம் கொடுக்க மறந்தால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும்.

நாகஸ்வரமும் தவிலும் வெளியரங்குக்கே பிறந்தவை. அவற்றை ஃபோர்ட் கேனிங் புல்வெளிக்குக் கொண்டுபோகலாம். மேடைக்குப் பின்னால் சுவர் இருந்தால் இன்னும் நல்லது. பிரான்சின் ஒராஞ்ஜ் ரோமானிய அரங்கில் 37 மீட்டர் உயரச் சுவர்தான் ஒலியை முன்னே தள்ளுகிறது. ஒன்று மட்டும்: அந்தப் புல்வெளி ஒரு காலத்தில் கிறிஸ்துவக் கல்லறைத் தோட்டம். அங்கே மங்கல வாத்தியமா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். அழைப்பிதழ் அடிக்கும் முன்பே அதைப் பேசி முடிப்பது உத்தமம்.

வீணையை மாலை வெயிலிலோ சூடான மேடை விளக்கின் கீழோ வைக்காதீர்கள். கம்பிகளுக்குக் கீழே மெழுகில் பதித்த மெட்டுகள் (ஸ்வரத்துக்கான உலோகக் கட்டைகள்) இளகி நகர்ந்துவிடும். ஈரக்காற்றில் மிருதங்கத் தோல் தளரும். குளிரூட்டி நேரே வீசினால் தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கத்தில்) அப்பிய ரவை காய்ந்து உதிரும். வாத்தியங்களை ஒரு மணி நேரம் முன்னதாகவே அந்த இடத்துக்குக் கொண்டுவந்து, உறையைக் கழற்றி வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

நமக்குக் கோடை என்று தனியாக இல்லை. பொதுவாக மழை குறைந்த மாதம் பிப்ரவரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் ‘சுமத்ரா’ காற்றுமழை பெரும்பாலும் விடியலிலிருந்து நண்பகலுக்குள் அடித்து ஓய்ந்துவிடும், ஆகவே மாலைக் கச்சேரிக்கு அது அவ்வளவு ஆபத்தில்லை. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல் இடிமழைதான் வில்லன். அந்த மாதங்களில் 1904இல் கட்டிய சைம்ஸ் மண்டபம் போன்ற, இப்போது வழிபாடு நடக்காத பழைய சிற்றாலயத்தைக் கேட்டுப் பார்க்கலாம். தேசிய நினைவுச்சின்னம் என்றால் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும். திரை, விளக்கு எல்லாம் தனிக் கால்களில்தான் நிற்க வேண்டும்.

வெளியரங்கு என்றால், மழை வந்தால் எங்கே மாற்றுவது, அந்த முடிவை எத்தனை மணிக்கு அறிவிப்பது என்ற இரண்டையும் நுழைவுச்சீட்டிலேயே அச்சிட்டுவிடுங்கள்.

ஒலியமைப்பாளர்,
ஈசூன்