லிம்போமா: பிள்ளைகளுக்கும் மரபணுச் சோதனை வேண்டுமா?

ஆசிரியருக்கு,

உமிழ்நீரை அனுப்பினால் புற்றுநோய் வருமா என்று சொல்லிவிடுவதாக விளம்பரங்கள் வருகின்றன. அதைப் பார்த்து, லிம்போமா (நிணநீர் முடிச்சுகளைத் தாக்கும் ரத்தப் புற்றுநோய்) வந்தவரின் வீட்டார் பிள்ளைகளுக்கும் சோதனை எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். பெரும்பாலோருக்குத் தேவையில்லை.

அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தால், பி-செல் என்ற வெள்ளை அணுவில் தோன்றும் 'பெரிய பி-செல் லிம்போமா' வரும் வாய்ப்பு சற்றுக் கூடுவதாக, பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிய 'இன்டர்லிம்ப்' குழு 2006இல் கணக்கிட்டது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால் சுமார் 1.3 மடங்கு, இருவரிடமிருந்தும் வந்திருந்தால் 1.65 மடங்கு. 1,000 பேரில் 5 பேருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொண்டால், அந்த 5 பேர் 6 அல்லது 8 பேர் ஆவார்கள். இதை வைத்து யாருக்கு என்ன சிகிச்சை தர முடியும்?

பயாப்சி ரிப்போர்ட்டில் '14-18 குரோமோசோம் இடமாற்றம்' என்றிருப்பதைப் பார்த்துத்தான் பலர் பதறுகிறார்கள். ஃபாலிகுலர் என்ற வகை லிம்போமாவில் பெரும்பாலும் காணப்படும் இது பரம்பரையாக வருவதல்ல. எலும்பு மஜ்ஜையில் பி-செல் உருவாகையில் மரபணுவை வெட்டி ஒட்டும் வேலையில் நேரும் பிழை. செல் சாவதைத் தடுக்கும் பிசிஎல்2 மரபணு இடம் மாறி ஒட்டிக்கொள்வதால், சாக வேண்டிய செல் சாவதில்லை. நோயே இல்லாத பலரின் ரத்தத்திலும் இது நுண்ணிய அளவில் உண்டு. பிள்ளைகளுக்குப் போகாது.

விதிவிலக்கு உண்டு. ஒரே குடும்பத்தில் தாய்வழி ஆண் குழந்தைகளுக்குக் கடுமையான எப்ஸ்டீன்-பார் வைரஸ் காய்ச்சலோ லிம்போமாவோ வந்திருந்தால், அந்த வைரஸை எதிர்க்க உதவும் எஸ்எச்2டி1ஏ மரபணுவைச் சோதிக்கத்தான் வேண்டும். முதலில் சோதிக்க வேண்டியது நோயுற்றவரை. ஆனால் அவர் ரத்தத்தில் புற்றுசெல் கலந்திருக்கலாம். உமிழ்நீரிலும் வெள்ளை அணுக்கள் உண்டு (விளம்பரக்காரர்கள் இதைச் சொல்வதில்லை). அதனால் தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்லே நம்பகமானது. பிறரின் மஜ்ஜை மாற்றப்பட்டவரின் ரத்தம் கொடையாளியின் மரபணுவைத்தான் காட்டும்.

அந்தப் பணத்தைப் பயாப்சிக்கு வைத்துக்கொள்ளலாம். கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத நெறிக்கட்டி நான்கு வாரத்துக்கு மேல் கரையாமல் இருந்தால், ஊசியால் உறிஞ்சும் சோதனையோடு நிறுத்தாமல் அந்த நிணநீர் முடிச்சு முழுவதையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குமுன் ஸ்டீராய்டு கூடாது. கட்டி சுருங்கி, விடை மறைந்துவிடும். காசநோயாக இருக்கும் என்ற ஊகத்தில் அதற்கு மாத்திரை தொடங்குவதும் மாதங்களை வீணாக்கும். எடுத்த முடிச்சு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிடாமல், ஒரு துண்டைச் சுத்தமான சலைனில் காசநோய் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் கிருமி செத்துவிடும்.

— ரத்தவியல் மருத்துவர், மதுரை