அவன் அம்மாவிடம் மட்டும் விட்டுவிடாதே

அன்புள்ள மகனுக்கு,

அப்பாவின் ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். மழைக்கு அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

பேரனை விசுவாசத்தில் வளர்ப்பது பற்றிப் போனில் நீ கேட்டதற்கு எழுதினால்தான் எனக்கு ஒழுங்காகப் பதில் வரும். "சண்டே ஸ்கூலுக்கு அனுப்புறோம், ராத்திரி அவள் ஜெபம் சொல்லிக் கொடுக்கிறாள், இதுக்கு மேல என்னப்பா செய்யணும்?" என்றாய். டீச்சர் செய்கிறார், மருமகள் செய்கிறாள். சரி, நீ என்ன செய்கிறாய்?

நம் பக்கத்துச் சபைகளில் இது பழைய வழக்கம். பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுப்பது அம்மாமார் வேலை; சேகரத் தேர்தலும் (சபை நிர்வாகத் தேர்தல்தான்) அசனம் என்கிற கோவில் விருந்துக்கு ஆடு பிடிப்பதும் அப்பாமார் வேலை. (தேர்தலுக்கு அலையும் நேரத்தில் கால்வாசியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தால் நம் வாலிபர் கூட்டத்தில் உட்கார இடம் இருக்காது.) வேதத்தில், தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது அப்போஸ்தலன் பவுல் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி எழுதுகிறார். தகப்பனைப் பற்றி நமக்குத் தெரிவது அவன் கிரேக்கன் என்பது மட்டும்தான். நீ அப்படியில்லை; சபைக்கு முன்னால் உன் விசுவாசத்தை நீயே அறிக்கையிட்டுத் திடப்படுத்தல் எடுத்தவன்.

உபாகமம் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பார். வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்கிறபோது, எழுந்திருக்கிறபோது பிள்ளைகளோடு பேசு என்கிறது. அந்த வரிசையில் கோவிலே இல்லை. உனக்கு 'வழி' என்பது காலையில் அவனை ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கொண்டுவிடும் நேரம். ஆம்புலன்ஸ் போனால், "ஆண்டவரே, உள்ளே இருக்கிறவரைக் காப்பாத்தும்" என்று ரெண்டு பேரும் சத்தமாகச் சொல்லுங்கள். அவனுக்குப் பரீட்சை என்றால் சிக்னலில் நிற்கும்போதே ஒரு வரி ஜெபி. கண்ணை மூட வேண்டாம், வண்டி ஓட்டுகிறாய்!

பிள்ளையார் சதுர்த்தி சமயத்தில் அவன் கேட்டானாமே, "அவங்க வீட்டில கணபதி வச்சிருக்காங்க, நாம ஏன் வைக்கல?" என்று. "அதெல்லாம் கேட்கக் கூடாது" என்றாயாம். ஏன் கேட்கக் கூடாது? புனேயில் பத்து நாள் தெருவெல்லாம் மேளம் அடித்தால் எந்தப் பிள்ளையும் கேட்கத்தான் செய்யும். பிள்ளைகள் கேட்க வேண்டும் என்றுதானே யோர்தான் ஆற்றிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து வைக்க இஸ்ரவேலருக்கு ஆண்டவர் சொன்னார்! "இந்தக் கற்கள் ஏது?" என்று பிள்ளை கேட்கும், தகப்பன் ஆற்றைக் கடந்த கதையைச் சொல்வான். நீயும் நாம் யாரைக் கும்பிடுகிறோம், ஏன் சிலை வைப்பதில்லை என்று அவனுக்குப் புரிகிற மாதிரி சொல். ஆனால் அவன் கூட்டாளி வீட்டுச் சாமியைக் கேலி செய்து நம் விசுவாசத்தை வளர்க்காதே. அதில் வளர்வது மேட்டிமைதான்.

பதில் தெரியாத கேள்வியும் வரும். ஜெபித்தும் ஏன் சுகமாகவில்லை என்பான். தெரியவில்லை என்றே சொல். மாற்கு சுவிசேஷம் ஒன்பதாம் அதிகாரத்தில், வலிப்பு வந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சொன்னான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லையே, பிள்ளைக்குச் சுகம் கிடைத்தது. வேதத்தில் எனக்குப் பிடித்த அப்பா அவன்தான்.

இன்னொன்று. அவன் சேட்டை செய்தால் "இயேசப்பா அடிப்பார்" என்று யாரையும் சொல்லவிடாதே, உன் அம்மாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எபேசியருக்கு எழுதின நிருபத்தில் "பிதாக்களே" என்று கூப்பிட்டு, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் சிட்சைக்கும் போதனைக்கும் போகிறார் பவுல். விருந்தாளி வந்ததும் பிள்ளையை நிறுத்தி 23-ம் சங்கீதம் ஒப்பிக்கச் சொல்வதும் எனக்குப் பிடிக்காது. மனப்பாடம் நல்லதுதான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதுதான் கைகொடுக்கும். ஆனால் அதை வேடிக்கை காட்டக் கூடாது.

குடும்ப ஜெபத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்; அப்புறம் அவன் தூங்கி விழுவான். ஒரு கீர்த்தனையில் ஒரு சரணம், மாற்கில் நாலு வசனம், அவன் ஒரு வரி, நீ ஒரு வரி. போதும். காணிக்கைக்கு கோவில் வாசலில் பத்து ரூபாயை அவன் கையில் திணிக்காதே, அவன் உண்டியலிலிருந்தே எடுக்கட்டும். உன் பாட்டி உலை வைக்கும் முன்னால் கோவிலுக்கென்று ஒரு பிடி அரிசி தனியாக எடுத்துவைப்பாள், நினைவிருக்கிறதா? 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோதும் நம்மூர் ஜனங்கள் போட்ட காசில்தான் நம் ஆட்கள் தெலுங்கு தேசத்தில் தோர்ணக்கல் பக்கம் ஊழியத்துக்குப் போனார்கள். அந்தக் கதையை அவனுக்கு நீதான் சொல்ல வேண்டும். அங்கே சண்டே ஸ்கூலில் சொல்ல ஆளிருக்காது.

மே மாதம் இங்கே வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) வைக்கிறார்கள். அவனை மட்டும் ரயிலேற்றி அனுப்பலாம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். வேண்டாம், நீயே லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு வா. கோடை விடுமுறைக்கு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், இப்போதே பார்.

அன்புடன்,
அப்பா