தோல் துண்டு வஜ்ஜிரத்துக்கு மட்டும்தானா?

ஐயா, ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கழிவு பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். குரோமியத்தால் பாலாறு கெடுவது எல்லாம் சரி, ஆனால் பதனிட குரோம் போடும் முன்பே வெட்டித் தள்ளும் பச்சைத் தோல் துண்டுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! அதில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று புரி முறுக்கிய கயிறு மாதிரியான அதன் வடிவத்தை விஞ்ஞானி ஜி.என்.ராமச்சந்திரனின் குழு 1950-களிலேயே சென்னையில் இருந்துகொண்டு உலகுக்குச் சொன்னது. அதைக் குளிரில் நீர்த்த அமிலத்தில் கரைத்து, அப்புறம் அமிலத்தை முறித்து 37 டிகிரிக்குக் கொண்டுவந்தால் போதும், மூலக்கூறுகள் தாமாகவே வரிசை கட்டி நானோ இழைகளாகிவிடும், சுமார் 67 நானோமீட்டருக்கு ஒரு பட்டை வீதம், நம் தோலில் உள்ளது போலவே. தீக்காயத்துக்கும் ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கும் மேலே போடும் மெல்லிய ஏடுகளில் கொலாஜன் ஏடும் உண்டு.

பேரணாம்பட்டில் தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) ஒன்றில் கணக்கு எழுதியவன் நான். உப்புப் போட்ட துண்டுகள் கோணியில் எடை போட்டு வஜ்ஜிரம் என்ற ஒட்டுப் பசை காய்ச்சுபவர்களுக்குப் போகும். கொதித்தால் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகிவிடும், மறுபடி அந்த இழை சேராது. மருத்துவத்துக்கு எல்லாத் துண்டும் தேறாது, நோயில்லாத மாடு என்ற சான்று வேண்டும். எனவே கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்ததுபோல, நல்ல துண்டுகளைத் தரம் பிரித்துக் குளிரில் வைக்க ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு பொது மையம் அமைத்து, அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தை வழிகாட்டச் சொல்லலாம்.

– ஒரு வாசகர், பேரணாம்பட்டு