இரண்டு வீடு, ஒரு விமானம்: கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை, நாங்கள் கட்டும் விமானத்தின் வலது இறக்கையில் கடைசித் தகட்டுக்கு ரிவிட் (தகடுகளை இணைக்கும் உலோக ஆணி) அடித்து முடித்தோம். மிச்சிகன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை அதோடு சரி. மீதி எல்லாம் ஃபுளோரிடாவில். மூட்டை கட்டும் அவசரம் தொடங்குவதற்குள் இந்த நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஓய்வு பெற்ற பிறகு நானும் மனைவியும் மே முதல் அக்டோபர் வரை மிச்சிகனிலும், குளிர்காலம் முழுக்க ஃபுளோரிடாவின் டாம்பா பக்கத்திலும் இருக்கிறோம். நாங்கள் கட்டுவது ஆர்.வி.-9ஏ என்ற இருவர் உட்காரும் அலுமினிய விமானம். ஆரிகான் மாநிலத்தின் அரோரா ஊரில் இருக்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் அதை வால், இறக்கை, உடல், இறுதிக்கட்டச் சாமான்கள் என்று தனித்தனிப் பெட்டிகளாக அனுப்புகிறது. எங்கள் இரண்டு கராஜுக்கும் நடுவில் ஆயிரம் மைலுக்கு மேல் ஐ-75 நெடுஞ்சாலை.

முதல் நன்றி எங்கள் ஊர் விமானச் சங்கக் கிளையின் பெரியவருக்கு. இரண்டு விமானங்களைத் தன் கையால் கட்டிப் பறந்தவர். தமிழ் தெரியாது. என் மகள் இதைப் படித்து அவருக்குச் சொல்வாள். நான் அவரிடம் கொண்டுபோன திட்டம், வசிக்கும் ஊரில் அப்போது எந்த வேலை நடக்கிறதோ அதைச் செய்வது, ஊர் மாறும்போது பாதி முடிந்ததையும் தூக்கிக்கொண்டு போவது என்பதுதான். அவர் அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: முதல் தடவை அது எந்த ஊரில் பறக்கப் போகிறது? டாம்பா பக்கம்தான் என்றேன், குளிர்காலத்திலும் பறக்கலாம் என்பதால். அப்படியென்றால் அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வா என்றார்.

அப்படி எண்ணி எழுதிய காகிதம் இன்னும் என் பட்டறைச் சுவரில் இருக்கிறது. வாலும் இறக்கையும் மிச்சிகனில். உடல், மேல்மூடி, எஞ்சின் ஃபுளோரிடாவில். எந்தப் பெரிய பாகமும் ஒரே ஒரு முறைதான் பயணம் செய்யும், அதுவும் தெற்கு நோக்கி மட்டும். மேல்மூடி அக்ரிலிக் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கால் ஆனது. குளிரில் அதை அறுத்தால் விரிசல் ஓடிவிடும், ஆகவே வெயில் ஊரில்தான் அறுக்க வேண்டும். எஞ்சினையும், விமானியின் முன் இருக்கும் மின்னணுக் கருவிகளையும் கடைசியில் வாங்கச் சொன்னார். ஓடாமல் கிடக்கும் எஞ்சினுக்குள் கேம்ஷாஃப்ட் என்ற சுழல்தண்டு துருப்பிடிக்கும். கருவிகளோ இரண்டு வருடத்தில் பழசாகிவிடும். ஒரு சாயங்காலத்தில் அவர் எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த பணத்தையும் வருடங்களையும் நான் எண்ணிப் பார்க்காத நாளில்லை.

அடுத்து, எங்கள் தொழில்நுட்ப ஆலோசகர். 1953-இல் பால் போபரெஸ்னி தொடங்கிய எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷனில் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. அனுபவமுள்ளவர்கள் காசு வாங்காமல் வீட்டுக்கே வந்து வேலையைப் பார்த்துச் சொல்வார்கள். வால்பகுதியின் தகட்டில் ஒரு ரிவிட்டைத் தப்பாக அடித்துவிட்டு, அதைத் துளைபோட்டு எடுக்கப் போய் ஓட்டையை '8' என்ற எண்ணின் வடிவத்தில் பெரிதாக்கிவிட்டேன். மூன்று வாரம் கராஜ் கதவையே திறக்கவில்லை. அந்தத் தகட்டையே தூக்கிப் போட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவர் வந்தார், பார்த்தார், சட்டைப்பையிலிருந்து 'ஊப்ஸ் ரிவிட்' ஒன்றை எடுத்தார். தண்டு ஒரு அளவு பருமன், தலை மட்டும் பழைய அளவு. பெருத்த ஓட்டை அடைந்துவிடும், வெளியே வித்தியாசம் தெரியாது. அடித்த பின் ரிவிட்டின் நசுங்கிய முனையின் அகலம் தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, உயரம் பாதி இருக்க வேண்டும் என்று கையில் அளவியைக் கொடுத்து என்னையே அளக்க வைத்தார். அன்று அவர் வராமல் இருந்திருந்தால் இந்த மடலே இருந்திருக்காது.

மாப்பிள்ளை, உங்களுக்கு. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நீங்கள் போட்டுக்கொடுத்த பட்டியல்தான் எங்களை நடத்துகிறது. கம்ப்ரெஸர், மேஜை போன்ற கனமான, மலிவான சாமான்கள் இரண்டு இடத்திலும் ஒவ்வொன்று. ரிவிட் துப்பாக்கி, ரிவிட்டை அழுத்தி நசுக்கும் ஸ்குவீஸர், அதற்கான டைகள் (அச்சுகள்) போன்ற விலை கூடிய சின்னச் சாமான்கள் ஒரே பெட்டியில், எங்களோடு காரில். வேலைக் குறிப்பேட்டையும் நீங்கள்தான் தொடங்கிவைத்தீர்கள்: தேதி, எந்த வீடு, எத்தனை மணி நேரம், யார் கை, ஒரு போட்டோ. விமானத்தின் பெரும்பங்கைத் தொழில்முறை ஆட்கள் அல்லாமல், கற்றுக்கொள்ளவோ ஆசைக்காகவோ செய்பவர்களே கட்டியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க விமானத்துறையின் விதி. அதைக் காட்ட அந்தக் குறிப்பேடுதான் ஆதாரம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, கூலி வாங்காமல் வந்து உதவிய நண்பர்களின் வேலையும் அந்தப் பங்கில் சேரும் என்பது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, துளைகளின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிர் எடுத்துக் கொடுத்த ஒவ்வொருவரின் பெயரும் அதில் இருக்கிறது. (பிசிர் என்ற சொல் கோயம்புத்தூரில் அப்பாவின் லேத் பட்டறையில் கற்றது. துளையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும்.)

டாம்பா அண்ணனுக்கும் அண்ணிக்கும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உடல் பாகத்தின் பெட்டி மார்ச்சிலேயே அங்கே வந்துவிட்டது. நாங்கள் மே மாதம் பூட்டிவிட்டு வந்தோம். ஜூன் தொடங்கி நவம்பர் வரை புயல் காலம், காற்றிலும் உப்பு ஈரம். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடுகிறதா என்று வாரம் தவறாமல் போய்ப் பார்த்தீர்கள். தகடுகளின் மேல் ஒட்டிவரும் நீல பிளாஸ்டிக் உறையை மாதக்கணக்கில் விட்டால் ஈரம் அடியில் தங்கி அலுமினியம் அரிக்கும் என்று நான் போனில் சொன்னதும், அண்ணி உட்கார்ந்து ஒவ்வொரு தகடாக உரித்து, நடுவில் காகிதம் வைத்து அடுக்கினீர்கள். புயல் எச்சரிக்கை வந்த இரவில் கராஜ் கதவுக்கு முட்டுக்கொடுத்தது அண்ணன். எங்களுக்குக் காலையில்தான் தெரியும்.

கடைசியாக என் மனைவி. இறக்கைத் தகட்டை ஒருவரால் ரிவிட் அடிக்க முடியாது. வெளியே ஒருவர் துப்பாக்கி பிடிக்க, உள்ளே ஒருவர் கைவிட்டு இரும்புக் கட்டையை ரிவிட்டின் வாலில் அழுத்திப் பிடிக்க வேண்டும். என் கை அந்த இடுக்கில் நுழையாது. இரண்டு கோடை முழுக்க உள்ளே இருந்தது அவள் கை. அடி சரியா என்று எனக்குத் தெரியாது. அவள் "சரி" என்றால்தான் அடுத்ததற்குப் போவேன். குறிப்பேட்டில் அதிக மணி நேரம் அவள் பெயரில்தான் இருக்கிறது.

அக்டோபர் கடைசி வாரம் வாடகை லாரியில் இறக்கைகள் கிளம்புகின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 அடி நீளம், மரத் தொட்டிலில் நிற்க வைத்து. இங்கே ஏற்றி விடுவதற்குப் பெரியவர் ஆள் சேர்த்துவிட்டார். டாம்பாவில் இறக்கி வைக்க நான்கு பேர் வேண்டும். அண்ணனைத் தவிர இன்னும் மூன்று பேர். வருகிறவர்களுக்கு அண்ணி வீட்டில் மதியச் சாப்பாடு.